தீர்ப்பு வரும்வரை பெஞ்சில் உட்கார வேண்டுமா?

கேள்வி:

என் மகள் அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். தடகள அணியில் 800 மீட்டர் ஓடுகிறாள். ஆண்கள் அணியில் உள்ள ஒரு பையன் மீது, முன்னாள் தோழியை அடித்ததாக இரண்டு மாதத்துக்கு முன் ஃபெலனி, அதாவது பெரிய குற்ற வழக்குப் பதிவானது. ஜாமீனில் வந்துவிட்டான், இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறான். வெளியூர்ப் போட்டிகளுக்கு எல்லாரும் ஒரே பஸ்ஸில்தான் போகிறார்கள். என் மகள் மாணவ வீரர்களின் ஆலோசனைக் குழுவில் உறுப்பினர். "ஃபெலனி குற்றச்சாட்டு பதிவான அன்றே, தானாக, வழக்கு முடியும்வரை சஸ்பென்ஷன்" என்ற விதியை நிர்வாகத்துக்குப் பரிந்துரைக்கலாமா என்று அந்தக் குழுவில் அடுத்த வாரம் வாக்கெடுப்பு. என் கணவர் "நிரூபிக்கிற வரைக்கும் நிரபராதி, அவ்வளவுதான்" என்கிறார். மகள் "அந்த பஸ்ல நீங்க போங்கப்பா" என்கிறாள். எந்தப் பக்கம் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. இன்னொன்று: அந்தப் பையனின் அம்மாவைப் போட்டிகளில் பார்க்கிறேன். தனியாக உட்கார்ந்திருக்கிறார். போய்ப் பேசலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் குற்றம் சாட்டப்பட்டவர்கள் பக்கம் நின்று வாதாடும் கிரிமினல் வக்கீல். அதனால் உங்கள் கணவர் கட்சி என்று நினைப்பீர்கள். பாதிதான். பல்கலைக்கழக ஒழுங்கு விசாரணைகளில் மாணவர்களுக்குத் துணையாகவும் உட்கார்ந்திருக்கிறேன், புகார் கொடுத்தவர் பக்கமும் சில முறை. உங்கள் மகள் சொன்ன அந்த பஸ் வாக்கியத்தை வேறு வேறு வடிவத்தில் நானும் கேட்டிருக்கிறேன். அதற்குச் சட்டப் புத்தகத்தைத் திறந்து காட்டிப் பதில் சொல்ல முடியாது.

உங்கள் கணவர் சொல்லும் விதி நீதிமன்றத்துக்கு இடப்பட்ட கட்டளை. அரசு ஒருவரைச் சிறைக்கு அனுப்ப வேண்டுமென்றால் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும், அதுவரை அவர் நிரபராதி. இதில் எனக்கு எந்த விட்டுக்கொடுப்பும் கிடையாது, என் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. ஆனால் அதே நீதிமன்றம், அதே ஆளை, கைதான மறுநாளே என்ன செய்கிறது என்று பாருங்கள். ஜாமீன் கொடுக்கும்போது "அந்தப் பெண்ணை நெருங்காதே, போன் செய்யாதே, துப்பாக்கி இருந்தால் ஒப்படை, மாநிலத்தை விட்டுப் போகாதே" என்று வரிசையாக நிபந்தனை போடுகிறது. அவர் குற்றவாளி என்று யாரும் சொல்லவில்லை, ஆனாலும் அவருடைய நடமாட்டத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். நிரபராதி என்ற கொள்கைக்கு இதனால் பங்கம் வரவில்லை. ஏனென்றால் ஜாமீன் நீதிபதி "இவன் செய்தானா?" என்று கேட்பதில்லை. "இவன் வெளியே இருந்தால் இன்றைக்கு யாருக்காவது ஆபத்து உண்டா? அந்த ஆபத்தைத் தடுக்க எவ்வளவு கட்டுப்பாடு போதும்?" என்றுதான் கேட்கிறார். இரண்டு தரப்பையும் கேட்டுவிட்டுத்தான் உத்தரவு போடுகிறார். நிலைமை மாறினால் உத்தரவையும் மாற்றுகிறார்.

விளையாட்டு சஸ்பென்ஷனையும் இப்படித்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. ஜாமீன் நிபந்தனை மாதிரி எழுதினால் அது நியாயமாக இருக்கும். தண்டனை மாதிரி எழுதிவிட்டு "இது தண்டனை இல்லை, தற்காலிகம்தான்" என்று மேலே ஒரு லேபிள் ஒட்டினால், அது தண்டனைதான். உங்கள் மகளின் குழு முன் இருக்கும் வரைவு இரண்டாவது வகை. அதற்கு நான் வாக்களிக்க மாட்டேன். காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

"ஃபெலனி" என்ற சொல்லிலிருந்து ஆரம்பிப்போம். பெரிய குற்றம் என்றால் ஃபெலனி, சின்னது என்றால் மிஸ்டிமீனர் என்று பொதுவாகச் சொல்வார்கள். நடைமுறையில் அந்தக் கோடு வேடிக்கையான இடங்களில் போகும். ஃபுளோரிடாவில் 750 டாலரோ அதற்கு மேலோ மதிப்புள்ள பொருளைத் திருடினால் ஃபெலனி. டெக்சாஸில் அந்த வரம்பு 2,500 டாலர். ஆக ஆயிரம் டாலர் போனை எடுத்துக்கொண்டு போன மாணவன் ஒரு மாநிலத்தில் தானாக சஸ்பெண்ட் ஆவான், இன்னொரு மாநிலத்தில் ஆகமாட்டான். இது கூடப் பரவாயில்லை. அதே ஃபுளோரிடாவில் முதல் முறையாக ஒருவரைக் கையால் அடித்தால், பெரிய காயமோ ஆயுதமோ இல்லாத பட்சத்தில், பொதுவாக மிஸ்டிமீனர்தான். உங்கள் மகளின் குழு யோசிக்கும் விதியை அங்கே வைத்தால் போன் திருடியவன் வீட்டில் இருப்பான், தோழியைக் கன்னத்தில் அறைந்தவன் பஸ்ஸில் வருவான். இந்த விதியை யாருடைய பயத்துக்காக எழுதுகிறார்களோ, அந்தப் பெண்ணுக்கே அது உதவாது.

அடுத்தது, குற்றச்சாட்டு என்பது என்ன? செய்தித்தாளில் "குற்றம் சாட்டப்பட்டார்" என்று படித்ததும் யாரோ இரண்டு பக்கத்தையும் கேட்டு முடிவுக்கு வந்த மாதிரி ஒரு தொனி வந்துவிடுகிறது. பெரும்பாலும் ஒரு காவலரின் அறிக்கை, ஒரு அரசு வழக்கறிஞரின் கையெழுத்து, அவ்வளவுதான். வழக்குத் தொடர ஆதாரம் போதுமா என்று பார்க்கும் பொதுமக்கள் குழுவான கிராண்ட் ஜூரி வழியாக வந்தாலும், அங்கே பேசுவது பெரும்பாலும் அரசுத் தரப்பு மட்டுமே. எதிர்த்தரப்பு வக்கீல் அந்த அறைக்குள் வந்து வாதாட முடியாது. இது மோசடி என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலான குற்றச்சாட்டுகளுக்குப் பின்னால் உண்மையான ஒரு சம்பவம் இருக்கிறது, இத்தனை வருடத்தில் அதை நான் தெரிந்துகொண்டுதான் இருக்கிறேன். ஆனால் ஒருவர் ஆபத்தானவரா இல்லையா என்பதை அந்தக் காகிதம் தனியாகச் சொல்லிவிடாது.

2006இல் வட கரோலினாவில் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ட்யூக் பல்கலைக்கழகத்தின் லக்ராஸ் (வலை கட்டிய கோலால் பந்தாடும் விளையாட்டு) அணி மாணவர்கள் நடத்திய ஒரு பார்ட்டிக்குப் பின் பாலியல் வன்கொடுமைப் புகார் எழுந்தது. மூன்று பேர் மீது கிராண்ட் ஜூரி வழியாகக் குற்றச்சாட்டு வந்தது. அந்தக் குற்றச்சாட்டு வருவதற்கு முன்பே பயிற்சியாளர் பதவியை விட்டுப் போக வேண்டியதாயிற்று, அணியின் மிச்ச சீசனும் ரத்தானது. மூன்று பேரை மட்டுமல்ல, மொத்த அணியையும் உட்கார வைத்துவிட்டார்கள். மரபணுச் சோதனை அந்த மாணவர்களோடு பொருந்தவில்லை. ஒரு வருடம் கழித்து, 2007 ஏப்ரலில், மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் ராய் கூப்பர் குற்றச்சாட்டுகளைக் கைவிட்டார். கைவிட்டதோடு நிறுத்தவில்லை, அவர்கள் நிரபராதிகள் என்றே அறிவித்தார். இதை ஒரு அரசுத் தரப்பு வாயிலிருந்து கேட்பது மிக அபூர்வம். "ஆதாரம் போதவில்லை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவதுதான் வழக்கம். வழக்கைத் தொடுத்த மாவட்ட அரசு வழக்கறிஞர் மைக் நைஃபாங் வக்கீல் தொழில் செய்யும் உரிமையை இழந்தார், ஒரு நாள் சிறையிலும் இருந்தார். மாணவர்களுக்கு, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏ ஒரு கூடுதல் ஆண்டு விளையாட அனுமதி கொடுத்தது. நல்ல காரியம்தான். ஆனால் நாலாம் ஆண்டு முடித்து வேலைக்குப் போய்விட்டவனுக்கு அதனால் என்ன பயன்?

காலம்தான் இந்த விஷயத்தின் மையம் என்பேன். கணவரிடம் இதைக் குறிப்பாகச் சொல்லுங்கள், மகளிடமும் சொல்லுங்கள். என்சிஏஏவின் உச்சப் பிரிவான டிவிஷன் ஒன்றில் ஒரு மாணவருக்கு ஐந்து ஆண்டுக்குள் நான்கு சீசன் என்பதுதான் பல ஆண்டுகளாகப் பொதுக் கணக்கு. ஒரு ஃபெலனி வழக்கு ஜூரி முன் போய் முடிய ஒரு வருடம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். "வழக்கு முடியும்வரை" என்று எழுதும்போது பல மாணவர்களுக்கு அது "இனி ஆட்டமே இல்லை" என்று ஆகிவிடுகிறது. நீதிமன்றம் பின்னால் விடுதலை செய்தாலும், போன சீசனைத் திருப்பிக் கொடுக்க யாராலும் முடியாது.

இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து வீரர் டெரன்ஸ் ஷானன் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் கடைசியில் கான்சாஸ் மாநிலத்தில் அவர் மீது பாலியல் வன்கொடுமைக் குற்றச்சாட்டு பதிவானது. பல்கலைக்கழகம் உடனே சஸ்பெண்ட் செய்தது. ஆறு ஆட்டங்கள் போயின. அவர் பெடரல், அதாவது மத்திய அரசின் நீதிமன்றத்துக்குப் போனார். 2024 ஜனவரி 19 அன்று நீதிபதி காலீன் லாலெஸ் இடைக்கால உத்தரவு போட்டு அவரை மீண்டும் விளையாட விட்டார். (லாலெஸ் என்றால் ஆங்கிலத்தில் சட்டமற்றவர் என்று பொருள். நீதிபதிக்கு இப்படி ஒரு குடும்பப் பெயர் அமைவது எங்கள் தொழிலில் கிடைக்கும் சின்ன சந்தோஷம்.) தேசியப் போட்டியில் அணி கடைசி எட்டு வரை முன்னேறியது. ஜூன் 13 அன்று ஜூரி அவரை விடுவித்தது. இரண்டு வாரத்துக்குள், தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் வீரர் தேர்வில் 27ஆவது இடத்தில் எடுக்கப்பட்டார். தீர்ப்பு வந்தபோது கல்லூரி சீசன் முடிந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. "வழக்கு முடியும்வரை" என்ற விதி மட்டும் நின்றிருந்தால், அந்த ஆறு ஆட்டம் மொத்த சீசனாகியிருக்கும்.

அந்த உத்தரவின் முக்கியமான இடம் வேறு. சஸ்பெண்ட் செய்வதே தவறு என்று நீதிபதி சொல்லவில்லை. விளையாட்டுத் துறை தன் சொந்தக் குழுவை வைத்து முடிவெடுத்தபோது, மற்ற மாணவர்களுக்குப் பல்கலைக்கழகம் தரும் நடைமுறைப் பாதுகாப்புகள் இவருக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் சிக்கல். இதில் பணமும் சேர்ந்துகொண்டது. 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். கல்லூரி வீரர்கள் தொடுத்த வழக்கில் 2025இல் வந்த சமரசத் தீர்வுக்குப் பின் பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் கொடுக்கலாம், முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஏறக்குறைய 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை. விளையாடுவது ஒரு சலுகை, உரிமை அல்ல என்று நீதிமன்றங்கள் காலங்காலமாகச் சொல்லி வந்தன. ஒரு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று விலை போட்டுவிட்ட பிறகு அந்த வாதத்தில் பழைய பலம் இல்லை.

விஸ்கான்சினிலும் ஒன்று நடந்தது. அங்கே குறிப்பிட்ட வகைக் குற்றச்சாட்டு வந்தால் தானாக சஸ்பென்ஷன் என்ற விதி இருந்தது. அமெரிக்கன் ஃபுட்பால் வீரர் குயின்டெஸ் செஃபஸ் 2018 ஆகஸ்டில் குற்றம் சாட்டப்பட்டார், அந்த சீசன் முழுக்கப் போனது. பல்கலைக்கழகம் தன் விசாரணையில் அவரை வெளியேற்றவும் செய்தது. 2019 ஆகஸ்டில் ஜூரி ஒரு மணி நேரத்துக்குள் விடுதலை என்று திரும்பி வந்தது. பிறகு மறுபடி சேர்த்துக்கொண்டார்கள்.

இவ்வளவையும் உங்கள் மகளிடம் சொன்னால் "சரி, அப்போ அந்தப் பொண்ணு?" என்று கேட்பாள். கேட்க வேண்டும். விடுதலை என்ற தீர்ப்பு சம்பவமே நடக்கவில்லை என்று சொல்வதில்லை, சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபணமாகவில்லை என்றுதான் சொல்கிறது. விடுதலையானவர்களின் கதையை மட்டும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவது என் போன்ற வக்கீல்களின் பழக்கதோஷம். மறுபக்கத்துக்கு வருகிறேன்.

டெக்சாஸின் பேலர் பல்கலைக்கழகத்தில் தானாக சஸ்பென்ஷனும் இல்லை, ஒழுங்கான விசாரணையும் இல்லை. வெளியிலிருந்து அழைத்த ஒரு வக்கீல் நிறுவனம் ஆராய்ந்து கண்டுபிடித்ததை 2016 மேயில் பல்கலைக்கழகம் வெளியிட்டது. ஃபுட்பால் துறையில் இருந்தவர்கள் வீரர்கள் மீதான புகார்களை முறையான இடத்துக்கு அனுப்பாமல், தாங்களே உள்ளுக்குள் கையாண்டிருக்கிறார்கள். அதற்குள் முன்னாள் வீரர்கள் இரண்டு பேர் பாலியல் குற்றங்களுக்காக நீதிமன்றத்தில் தண்டனையும் பெற்றிருந்தார்கள். பயிற்சியாளர் ஆர்ட் பிரைல்ஸ் நீக்கப்பட்டார். தலைவர் பதவியிலிருந்து கென்னத் ஸ்டாரும் இறக்கப்பட்டார். ஆமாம், 1990களில் அதிபர் கிளின்டனைத் துருவித் துருவி விசாரித்த அதே ஸ்டார்தான்.

பேலரில் எனக்குத் தெரியும் பாடம் சஸ்பென்ஷன் விதியைப் பற்றியது அல்ல, யார் முடிவெடுத்தார்கள் என்பதைப் பற்றியது. சனிக்கிழமை ஆட்டத்தில் ஜெயித்தாக வேண்டிய ஆளிடம் "இந்தப் பையன் ஆபத்தானவனா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? பயிற்சியாளர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. பலர் அந்தப் பையன்களை வீட்டுப் பிள்ளை மாதிரி பார்க்கிறவர்கள். அதனாலேயே அவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. இதற்கு நேர்மாறாக, பழைய சண்டையில் கோபம் இருக்கும் ஒரு கோச், இரண்டாம் வரிசை வீரனைச் சாக்கு வைத்துத் தூக்கி எறிவதையும் பார்த்திருக்கிறேன். நட்சத்திரம் என்றால் "சட்டம் தன் கடமையைச் செய்யும்" என்ற அறிக்கை வரும். பெஞ்சில் உட்காருபவன் என்றால் அன்று மாலையே லாக்கர் காலி. தானியங்கி விதி கேட்பவர்களின் நல்ல வாதம் இதுதான்: எல்லாருக்கும் ஒரே மாதிரி. அந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்கு மருந்து, முடிவைக் கோச்சிடமிருந்து எடுத்து வெளியாளிடம் கொடுப்பது. யோசிக்கவே வேண்டாம் என்று விதி எழுதுவது அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது என்று உங்கள் கணவர் கேட்பார். உங்கள் மகள் படிப்பது அரசுப் பல்கலைக்கழகம், அதனால் உரிய நடைமுறை இல்லாமல் அரசு யாருடைய உரிமையையும் பறிக்கக் கூடாது என்ற அரசியல் சட்டத்தின் 14ஆவது திருத்தம் அங்கே பொருந்தும். ட்யூக், பேலர் போன்ற தனியார் இடங்களில் ஒப்பந்தமும் மாணவர் கையேடும்தான் பெரும்பாலும் பேசும். 1975இல் ஓஹாயோ பள்ளி மாணவர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம், சில நாள் சஸ்பென்ஷனுக்குக் கூட என்ன புகார் என்று சொல்லி, மாணவன் தரப்பைக் கேட்க வேண்டும் என்றது. அதே தீர்ப்பில், ஒருவர் அங்கே இருப்பது தொடர்ந்து ஆபத்து என்றால் உடனே வெளியேற்றிவிட்டுச் சீக்கிரமே விசாரிக்கலாம் என்றும் சொன்னது. 1997இல் இன்னொரு வழக்கு. பென்சில்வேனியாவில் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தின் வளாகக் காவலர் போதைப்பொருள் வழக்கில் கைதானார், சம்பளமில்லாமல் சஸ்பெண்ட் செய்தார்கள். ஒரு வாரத்துக்குள் வழக்கே தள்ளுபடியாகிவிட்டது, சஸ்பென்ஷன் மட்டும் தொடர்ந்தது. உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: ஃபெலனி குற்றச்சாட்டு இருந்தால், முன்கூட்டி விசாரிக்காமலே சஸ்பெண்ட் செய்யலாம், வெளியாள் ஒருவர் பார்த்துத்தான் குற்றம் சாட்டியிருக்கிறார் என்பதே ஒரு அடிப்படை. ஆனால் பின்னால் நடக்க வேண்டிய விசாரணை போதிய வேகத்தில் நடந்ததா என்று கேட்டு வழக்கைக் கீழே திருப்பி அனுப்பியது. என் கணக்கில் இந்தத் தீர்ப்பு இரண்டு பக்கத்துக்கும் உதவுகிறது. முதல் நாள் நிறுத்தி வைப்பதில் தவறில்லை. நிறுத்தி வைத்துவிட்டு மறந்துபோவதில்தான் தவறு.

"விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்" என்று நான் எளிதாகச் சொல்கிறேன், ஆனால் அந்த விசாரணையில் ஒரு முள் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு மல்யுத்த வீரன் என் கட்சிக்காரன். ஒரு பார்ட்டியில் நடந்த அடிதடி, எதிராளிக்குத் தாடை உடைந்திருந்தது. பல்கலைக்கழகம் அவனைக் கூப்பிட்டு "உன் பக்கத்தைச் சொல், கேட்கிறோம்" என்றது. மரியாதையாகத்தான் கேட்டார்கள். நான் அவனை வாய் திறக்க விடவில்லை. ஏனென்றால் அங்கே அவன் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையையும் அரசு வழக்கறிஞர் வரவழைத்துக் கிரிமினல் வழக்கில் பயன்படுத்தலாம். பையன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். குழு தனக்கு முன்னால் இருந்த ஒரே கதையை வைத்து முடிவு செய்தது. ஏழு மாதம் கழித்து வழக்குக் கைவிடப்பட்டது, முதலில் கை ஓங்கியது அவன் அல்ல என்று வீடியோ காட்டியது. பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று வரியில் ஒரு கடிதம் வந்தது. அவன் அம்மா அதை லேமினேட் செய்து வைத்திருக்கிறார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அதனால்தான் "செய்தானா" என்ற கேள்வியை அந்த மேஜையில் வைக்கவே கூடாது என்கிறேன். வைத்தால் மௌனமாக இருப்பவன் தோற்பான். "ஆபத்து உண்டா" என்று கேட்டால் வக்கீல் பேசலாம், ஜாமீன் நிபந்தனைகளைக் காட்டலாம், இதற்கு முன் புகார் இல்லை என்று காட்டலாம், புகார் கொடுத்தவர் தன் பயத்தைச் சொல்லலாம். இருவரும் அன்றிரவு நடந்ததைத் திரும்ப விவரிக்கத் தேவையில்லை. பாலியல் வன்முறை, காதல் உறவில் வன்முறை போன்ற டைட்டில் ஒன்பது (கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம்) புகார்களில் பெடரல் விதியே ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது. 2020 விதிகளின்படி விசாரணை முடியும் முன் ஒருவரை அவசரமாக வெளியேற்ற வேண்டுமென்றால், அந்த ஆளைத் தனியாக எடுத்துக்கொண்டு, யாருடைய உடல்நலத்துக்காவது பாதுகாப்புக்காவது உடனடி அச்சுறுத்தல் உண்டா என்று மதிப்பிட வேண்டும். வெளியேற்றிய உடனே அதை எதிர்த்துப் பேச அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும். 2024இல் வந்த மாற்று விதிகளை 2025 ஜனவரியில் ஒரு பெடரல் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டதால் இப்போது நிற்பது 2020 விதிகளே.

உங்கள் மகள் குழுவில் என்ன சொல்லலாம்? வரைவில் "தானாக" என்ற சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் "சில நாட்களுக்குள்" என்று எழுதச் சொல்லட்டும். வன்முறை சம்பந்தப்பட்ட குற்றச்சாட்டு என்றால், ஃபெலனியோ மிஸ்டிமீனரோ, முதல் சில நாள் போட்டியிலிருந்து நிறுத்தி வைக்கலாம், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதற்குள் விளையாட்டுத் துறைக்கு வெளியே உள்ள மூன்று பேர் உட்கார்ந்து இரண்டு தரப்பையும் கேட்க வேண்டும். விளையாட்டுத் துறை இயக்குநர் கூட அதில் இருக்கக் கூடாது. நிறுத்தி வைப்பதா, இல்லை பயிற்சி நேரத்தை மாற்றுவது, தனியாகப் பயணம் செய்யச் சொல்வது போன்ற சின்ன நிபந்தனை போதுமா என்று பார்க்க வேண்டும். நிறுத்தி வைத்தால் முப்பது நாளுக்கு ஒரு முறையாவது அந்த உத்தரவைத் திரும்ப எடுத்துப் படிக்க வேண்டும். குற்றச்சாட்டு குறைக்கப்பட்டால், கைவிடப்பட்டால், அல்லது புதிதாக ஒன்று சேர்ந்தால், அன்றே. திருட்டு, கள்ள ஐடி, குடித்துவிட்டு வண்டி ஓட்டியது போன்றவற்றுக்குப் பல்கலைக்கழகத்தின் பொது ஒழுங்கு விதியே போதும். கடைசியில் சொன்னதில் எனக்கே கொஞ்சம் தயக்கம் உண்டு, இரண்டாவது முறை என்றால் மனதை மாற்றிக்கொள்வேன்.

ஸ்காலர்ஷிப்பைத் தொடக் கூடாது. அணி மருத்துவரையும், படிப்புக்கு உதவும் ட்யூட்டரையும் நிறுத்தக் கூடாது. வகுப்புக்கு வர விட வேண்டும், வளாகமே ஆபத்து என்று தனியாக முடிவாகாத வரை. நம் ஊர் அரசு ஊழியரைக் குற்ற வழக்கில் சஸ்பெண்ட் செய்தால் பிழைப்பூதியம் கொடுப்பார்கள், உங்கள் கணவருக்கு இது தெரிந்திருக்கும். சஸ்பென்ஷன் தண்டனை இல்லை என்பதற்கு அந்தப் பணம்தான் அத்தாட்சி. ஸ்காலர்ஷிப்பும் அந்த மாதிரி.

இதை எல்லாம் ஒரே கூட்டத்தில் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். "இந்த வரைவை ஒத்தி வையுங்கள், எழுதித் தருகிறேன்" என்று சொன்னால் போதும். எதிர்த்து வாக்களித்தால் அவளை அந்தப் பையன் கட்சி என்பார்கள். மூன்றாம் ஆண்டு மாணவிக்கு அந்தப் பட்டம் தேவையில்லை.

இனி அந்த பஸ். இத்தனை பேச்சில் அது காணாமல் போய்விடக் கூடாது. எந்த விதியும் வரும்வரை உங்கள் மகள் காத்திருக்கத் தேவையில்லை. அவனுடன் ஒரே வண்டியில் போக முடியவில்லை, ஒரே நேரத்தில் எடைப் பயிற்சி அறையில் இருக்க முடியவில்லை என்று இன்றைக்கே எழுதிக் கேட்கலாம். கோச்சிடம் வாயால் அல்ல, மாணவர் நலத் துறைக்கு மின்னஞ்சலில். நகல் ஒன்றை அவளே வைத்துக்கொள்ளட்டும். அவன் குற்றவாளி என்று அந்தக் கடிதத்தில் ஒரு இடத்திலும் எழுத வேண்டாம், தேவையும் இல்லை. தனக்கு என்ன வேண்டும் என்று மட்டும் எழுதட்டும். இரண்டாவது வண்டி ஏற்பாடு செய்ய ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஜூரி தீர்ப்பு வேண்டியதில்லை. அடித்ததாகச் சொல்லப்படும் பெண்ணை உங்கள் மகளுக்கு நேரடியாகத் தெரியும் என்றாலோ, அன்றைக்கு ஏதாவது பார்த்தாள், கேட்டாள், மெசேஜ் வந்தது என்றாலோ, வாக்கெடுப்பிலிருந்து விலகிக்கொள்ளச் சொல்லுங்கள். போனில் எதையும் அழிக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். பிறகு அவளுக்கென்று ஒரு வக்கீலைப் பாருங்கள், நான் பத்திரிகையில் எழுதும் பதில் அதற்கு ஈடாகாது.

அந்தப் பையனின் அம்மா பற்றிக் கேட்டீர்கள். போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். வெயில் அதிகமாக இருக்கிறதே என்று சொல்லுங்கள், கையில் இருக்கும் தண்ணீரை நீட்டுங்கள், உங்கள் மகள் எத்தனை மணிக்கு ஓடுகிறாள் என்று சொல்லுங்கள். வழக்கைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்காதீர்கள். நீங்கள் வம்புக்குக் கேட்கமாட்டீர்கள் என்று தெரியும். ஆனால் இரண்டு மாதமாக யாரும் பேசாத ஒரு தாய், கேட்டால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார். மகன் போனில் அழுதுகொண்டே என்ன சொன்னான் என்பது உட்பட. அதைக் கேட்ட நீங்கள் நாளைக்கு அரசுத் தரப்புச் சாட்சியாக அதே ஊரில் ஒரு நீதிமன்றப் படி ஏற வேண்டி வரலாம். அவரே ஆரம்பித்தால், "இதை உங்க வக்கீல்கிட்ட மட்டும் சொல்லுங்கம்மா" என்று கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.